பழைய ப்ரொஜெக்டருக்கு இன்னொரு ஆயுள்

பதினைந்து, இருபது ஆண்டுகளுக்கு முன்பு கல்லூரிக் கருத்தரங்குக் கூடங்களிலும் அலுவலகக் கூட்ட அறைகளிலும் கூரையிலிருந்து தொங்கிய ப்ரொஜெக்டர்களில் பலவற்றுக்குள் இருப்பவை சரியாக 7,86,432 புள்ளிகள். அகலவாக்கில் 1024, உயரவாக்கில் 768. சுவரில் விழும் படம் 50 அங்குலமானாலும் 120 அங்குலமானாலும் புள்ளிகளின் எண்ணிக்கை மாறாது. ஒவ்வொரு புள்ளியும் பெரிதாகும், அவ்வளவுதான். இந்த ஓர் எண்ணை மனத்தில் வைத்துக்கொண்டால், அந்த ப்ரொஜெக்டரோடு கேம் கன்சோலையும் படம் பார்ப்பதற்கான கணினியையும் இணைக்கும்போது வருகிற குழப்பங்களில் பாதி விளங்கிவிடும்.

அந்த ப்ரொஜெக்டர்கள் இப்போது ஒவ்வொன்றாகக் கழற்றப்படுகின்றன. கூட்ட அறைச் சுவரில் பெரிய டி.வி. ஏறிவிட்டது. கழற்றியவை பழைய பொருள் கடைக்குப் போகின்றன, அல்லது யாராவது வீட்டுக்கு எடுத்துவந்து பரணில் போடுகிறார்கள். விளக்கு எரிந்து, விசிறி ஓடி, படம் கறையில்லாமல் விழுகிறது என்றால் அதைக் குப்பையில் சேர்ப்பது தவறு. நூறு அங்குலத்துக்குப் படம் காட்டும் வேறொரு கருவி இவ்வளவு மலிவாக நடுத்தரக் குடும்பத்தின் கூடத்துக்குள் வராது. விடுமுறையில் பிள்ளைகள் சுவர் முழுக்கக் கார் பந்தயம் ஓட்டவும், இரவுச் சாப்பாட்டுக்குப் பின் வீடே சேர்ந்து ஒரு படம் பார்க்கவும் அது போதும்.

தடை இருப்பது அதன் முதுகுப் பக்கத்தில். நீல நிறத்தில் 15 துளைகளோடு வி.ஜி.ஏ., மஞ்சள் வளையத்தோடு காம்போசிட், வட்ட வடிவில் எஸ்-வீடியோ. பிளேஸ்டேஷன் 4 அல்லது நின்டெண்டோ ஸ்விட்ச் இருக்கிறதென்றால் படம் வெளியே வரும் வழி எச்.டி.எம்.ஐ. ஒன்றுதான்.

வி.ஜி.ஏ. முறையை ஐ.பி.எம். நிறுவனம் 1987-ல் தன் பி.எஸ். 2 வரிசைக் கணினிகளோடு கொண்டுவந்தது. அந்தக் காலத்து ஒளிக்குழாய்த் திரைக்காக உருவானது அது. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கம்பி. ஒவ்வொன்றிலும் மின்னழுத்தம் சுழியிலிருந்து 0.7 வோல்ட் வரை ஏறி இறங்கும். சுழி என்றால் அந்த நிறம் அங்கே இல்லை, 0.7 என்றால் முழுப் பிரகாசம். ஒரு வரி முடிந்ததைச் சொல்ல ஒரு கம்பி, ஒரு முழுப் படம் முடிந்ததைச் சொல்ல இன்னொரு கம்பி. ஒரு வரிக்குள் எத்தனை புள்ளிகள் இருக்கின்றன என்று அந்தக் கம்பிகள் எதுவும் சொல்வதில்லை. ஒளிக்குழாய்க்கு அது தேவைப்படவும் இல்லை. எலெக்ட்ரான் கற்றை ஓடுகிற ஓட்டத்தில் பிரகாசம் கூடிக் குறைந்தால் படம் வந்துவிடும். ப்ரொஜெக்டருக்கு அது தேவை. ஏன் என்பதைப் பிறகு பார்ப்போம்.

எச்.டி.எம்.ஐ. முறையின் முதல் வடிவம் 2002 டிசம்பரில் வெளியானது. அதில் போவதெல்லாம் எண்கள். மூன்று இணைக் கம்பிகளில் நிறங்களின் எண்கள், நான்காவதில் அவற்றை எந்த வேகத்தில் படிப்பது என்ற கடிகாரத் துடிப்பு. 1999-ல் வந்த டி.வி.ஐ. முறையும் இதே ஏற்பாடுதான். ஆகவே உங்கள் ப்ரொஜெக்டரில் எண்முறை டி.வி.ஐ. துளை இருந்தால் வேலை எளிது. சில நூறு ரூபாய் அடாப்டர் ஒன்று துளையின் வடிவத்தை மாற்றிக்கொடுத்தால் போதும். வி.ஜி.ஏ. மட்டும்தான் என்றால், எண்களை மின்னழுத்தமாக மாற்றும் சிப் ஒன்று நடுவில் வேண்டும்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஒரு முனையில் எச்.டி.எம்.ஐ., மறுமுனையில் வி.ஜி.ஏ. என்று சிப் எதுவுமில்லாத வெறும் கேபிள்களும் சந்தையில் உண்டு. கன்சோலுக்கு அவை பயன்படவே பயன்படா. அதே கடையில் எதிர்த்திசையில் மாற்றுகிற கன்வெர்ட்டரும் பார்வைக்கு அப்படியே இருக்கும். சென்னை ரிச்சி தெருவிலோ இணையக் கடையிலோ வாங்கும்போது ‘எச்.டி.எம்.ஐ. உள்ளே, வி.ஜி.ஏ. வெளியே’ என்று திசையைச் சொல்லிக் கேளுங்கள். பக்கவாட்டில் ஒலிக்கான 3.5 மில்லிமீட்டர் துளையும், மின்சாரம் கொடுக்கச் சிறிய யு.எஸ்.பி. துளையும் இருக்கிற கன்வெர்ட்டரே நல்லது. அந்த யு.எஸ்.பி. துளை அலங்காரத்துக்கு இல்லை. எச்.டி.எம்.ஐ. விதிப்படி மூலக்கருவி தன் 5 வோல்ட் கம்பி வழியே கட்டாயம் தரவேண்டிய மின்னோட்டம் 55 மில்லி ஆம்பியர் மட்டுமே. கன்வெர்ட்டர் அதைவிட அதிகம் கேட்டால் படம் வந்து வந்து மறையும். விட்டுவிட்டு இருளும் திரைக்குக் கன்சோலையோ ப்ரொஜெக்டரையோ குறை சொல்வதற்கு முன், ஒரு செல்போன் சார்ஜரைக் கன்வெர்ட்டரில் செருகிப் பாருங்கள்.

படம் அனுப்புமுன் ஒரு கேள்வி

இணைத்தவுடன் கன்சோல் படத்தை அனுப்பிவிடுவதில்லை. முதலில் எதிரே இருப்பது என்ன கருவி, எந்தெந்த அளவுப் படங்களை ஏற்கும் என்று கேட்கிறது. திரைக் கருவி 128 பைட் நீளமுள்ள ஒரு குறிப்பைத் திருப்பி அனுப்புகிறது. 1990-களின் நடுவில் வெசா அமைப்பு வகுத்த இந்தக் குறிப்புக்கு இ.டி.ஐ.டி. என்று பெயர். தயாரிப்பாளரின் குறியீடு, மாடல் எண், ஏற்கும் ரெசல்யூஷன்கள், அவற்றின் கால அளவுகள் எல்லாம் அதில் அடக்கம். எச்.டி.எம்.ஐ. டி.வி.க்கள் இதோடு இன்னொரு 128 பைட் இணைப்பையும் அனுப்பும். ‘எனக்கு ஒலியும் அனுப்பலாம்’ என்ற செய்தி அந்த இணைப்பில்தான் இருக்கிறது.

வி.ஜி.ஏ. ப்ரொஜெக்டரின் குறிப்பில் அந்த இணைப்பு இருக்காது. மலிவான கன்வெர்ட்டர்கள் சில ப்ரொஜெக்டரின் குறிப்பை அப்படியே கன்சோலுக்குக் கடத்திவிடுகின்றன. எதிரே இருப்பது ஒலியில்லாத கணினித் திரை என்று எண்ணிக் கன்சோல் ஒலியை அனுப்புவதையே நிறுத்திவிடும். படம் அருமையாக வரும், கன்வெர்ட்டரின் ஒலித் துளையில் சத்தமே இருக்காது. பொருள் பழுதென்று திருப்பிக் கொடுக்கப்படும் கன்வெர்ட்டர்களில் சில இப்படிப்பட்டவையாகத்தான் இருக்க வேண்டும். நல்ல கன்வெர்ட்டர், ப்ரொஜெக்டரின் குறிப்போடு ஒலிக்கான பகுதியைத் தானே சேர்த்துக் கன்சோலுக்குக் காட்டும்.

இன்னொரு இடறலும் இந்தக் கேள்வியில் ஒளிந்திருக்கிறது. ப்ரொஜெக்டர் தன்னால் சிறப்பாகக் காட்ட முடிந்தது 1024-க்கு 768 என்று சொல்லும். பிளேஸ்டேஷன் 4-க்கு அந்த அளவு தெரியாது. டி.வி. உலகத்தின் 480, 720, 1080 வரி அளவுகளே அதற்குப் பாடம். ஸ்விட்ச் கதையும் இதேதான். இரு தரப்புக்கும் பொதுவாக ஏதாவது ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும், அது பெரும்பாலும் 1280-க்கு 720 என்ற அளவு.

ப்ரொஜெக்டர் அதை ஏற்குமா என்பதை அதன் கையேட்டின் கடைசிப் பக்கங்களில் இருக்கும் அட்டவணை சொல்லும். கையேடு தொலைந்திருந்தாலும் மாடல் எண்ணை வைத்துத் தேடினால் தயாரிப்பாளர்களின் தளங்களில் பெரும்பாலும் கிடைக்கிறது. அட்டவணையில் ரெசல்யூஷனைவிட முக்கியமானது கிலோஹெர்ட்ஸில் கொடுத்திருக்கும் கிடை அதிர்வெண். அதாவது நொடிக்கு எத்தனை ஆயிரம் வரிகளை அந்தக் கருவி படிக்கும் என்பது. 720 வரிப் படத்துக்கு, கண்ணுக்குத் தெரியாத இடைவெளி வரிகளையும் சேர்த்து மொத்தம் 750 வரிகள். நொடிக்கு 60 படங்கள். ஆக 45 கிலோஹெர்ட்ஸ். ப்ரொஜெக்டரின் சொந்த அளவான 768 வரிக்கு ஏறத்தாழ 48.4. அதைத் தாங்கும் மின்சுற்று 45-ஐயும் தாங்கும். 1080 வரிப் படத்துக்குத் தேவை 67.5. பழைய கருவிகள் பல இங்கே கைவிரித்து, ‘அவுட் ஆஃப் ரேஞ்ச்’ என்று ஒரு பெட்டியைக் காட்டிவிட்டு நின்றுவிடும். அதனால் கன்சோலை முதலில் ஒரு டி.வி.யில் இணைத்து, படத்தின் அளவைத் ‘தானியங்கி’ என்பதிலிருந்து 720-க்கு மாற்றிய பிறகே ப்ரொஜெக்டருக்குக் கொண்டுபோகவேண்டும். இருட்டுத் திரையில் மெனுவைத் தேடித் தவிக்கும் நிலை இதனால் வராது.

பட்டியலில் 1080ஐ என்று இன்னொன்றும் இருக்கும். எண் பெரிதாக இருக்கிறதே என்று அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம். அதில் ஒருமுறை ஒற்றைப்படை வரிகளும் அடுத்த முறை இரட்டைப்படை வரிகளுமாகப் பாதிப் பாதியாகத்தான் படம் வருகிறது. அவற்றைச் சேர்த்து முழுப் படமாக்க ப்ரொஜெக்டர் திணறும், விளையாட்டில் தாமதமும் கூடும். முழுப் படமாக வரும் 720 எல்லா விதத்திலும் மேல்.

ஐந்து புள்ளிக் கோலம், நான்கு புள்ளி வாசல்

1280 புள்ளி அகலமுள்ள படத்தை 1024 புள்ளிக்குள் அடக்க வேண்டும். விகிதம் சரியாக ஐந்துக்கு நான்கு. ஐந்து புள்ளி வைத்துப் போட்ட கோலத்தை நான்கு புள்ளியில் போடச் சொன்னால் எந்தக் கோட்டை எங்கே வளைப்பது? ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் சிப் அடுத்தடுத்த புள்ளிகளின் நிறங்களைக் கலந்து சராசரி எடுத்துச் சமாளிக்கிறது. ஓடும் கார், பறக்கும் பந்து, மரம், வானம் எல்லாம் இதில் அவ்வளவாகக் கெடுவதில்லை. ஒற்றைப் புள்ளி அகலத்தில் வரையப்பட்ட எழுத்துகள்தாம் கரைந்துபோகின்றன. உயரமும் சுருங்குகிறது: 720 வரி 576 ஆகி, மேலே 96 வரியும் கீழே 96 வரியும் கறுப்பாக நிற்கின்றன. 7,86,432 புள்ளிகளில் விளையாட்டுக்குக் கிடைப்பவை 5,89,824.

பல கன்சோல் விளையாட்டுகள் உள்ளே 1080 வரியில் உருவாகி, கன்சோலாலேயே 720-க்குச் சுருக்கப்பட்டு, பிறகு ப்ரொஜெக்டரால் 576-க்குச் சுருக்கப்படுகின்றன. இரண்டு சுருக்கல்கள். ஒவ்வொன்றிலும் கூர்மை கொஞ்சம் போகிறது. கன்சோலில் இதைத் தவிர்க்க வழியில்லை. ஆகவே விளையாட்டைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். பொடி எழுத்தில் பக்கம் பக்கமாக உரையாடல் வரும் விளையாட்டுகள் இதற்கு ஒத்துவரா. கார் பந்தயம், கால்பந்து, கிரிக்கெட், குதித்துத் தாவும் விளையாட்டுகள் எல்லாம் நூறு அங்குலத்தில் கொண்டாட்டமாக இருக்கும்.

உண்மையில் இந்த ப்ரொஜெக்டரோடு வயதும் வாகும் பொருந்தும் கன்சோல்கள், பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360, நின்டெண்டோ வீ ஆகியவைதாம் என்பது என் கருத்து. 2005-ல் வந்த எக்ஸ்பாக்ஸ் 360-ன் முதல் மாடல்களில் எச்.டி.எம்.ஐ. கிடையாது, அதற்கென்றே வி.ஜி.ஏ. கேபிள் விற்றார்கள். அந்தக் கேபிளைச் செருகினால் ப்ரொஜெக்டரின் சொந்த அளவான 1024-க்கு 768-ஐயே கன்சோலின் மெனுவில் தேர்ந்தெடுக்கலாம். இடையில் கன்வெர்ட்டர் இல்லை, ப்ரொஜெக்டருக்குள் சுருக்கலும் இல்லை. அந்தத் தலைமுறை விளையாட்டுகளில் மிகப் பெரும்பாலானவை 720 வரியிலோ அதற்குக் குறைவாகவோ உருவானவை. பழைய விளையாட்டுகளும் பழைய ப்ரொஜெக்டரும் சேர்ந்த படத்தில் குறையொன்றும் தெரியாது.

பிளேஸ்டேஷன் 3-க்கும் வீ-க்கும் காம்போனென்ட் கேபிள் உண்டு: பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று முனைகள். நிறத்தைப் பார்த்து வி.ஜி.ஏ.வின் மூன்று நிறங்கள்தாம் இவை என்று நினைத்துவிடக் கூடாது. பச்சை முனையில் வருவது படத்தின் மொத்தப் பிரகாசம்; உயர்தரப் படத்தில் அது ஏறத்தாழ 21 சதவீதம் சிவப்பு, 72 சதவீதம் பச்சை, 7 சதவீதம் நீலம் சேர்ந்த கலவை. நம் கண் பச்சை ஒளியைத்தான் அதிகப் பிரகாசமாக உணர்கிறது என்பதிலிருந்து வந்த எண்கள் இவை. மற்ற இரண்டிலும் வருவது நீலமும் சிவப்பும் அந்தப் பிரகாசத்திலிருந்து எவ்வளவு விலகுகின்றன என்ற கணக்கு. அந்தக் கால ப்ரொஜெக்டர்கள் பலவற்றில் வி.ஜி.ஏ. துளையே காம்போனென்டையும் ஏற்கும். மூன்று முனையை 15 ஊசியாக்கும் கேபிள் ஒன்று வேண்டும். இணைத்ததும் படம் முழுக்கப் பச்சையாக வந்தால் பயப்பட வேண்டாம். பிரகாசக் கம்பியை ப்ரொஜெக்டர் பச்சை நிறம் என்று படித்துக்கொண்டிருக்கிறது. மெனுவில் உள்ளீட்டு வகையை ஆர்.ஜி.பி.யிலிருந்து காம்போனென்டுக்கு மாற்றினால் நிறங்கள் இடத்துக்கு வந்துவிடும்.

மஞ்சள் முனையை மட்டும் கடைசிப் புகலிடமாக வைத்துக்கொள்ளுங்கள். பிரகாசமும் நிறமும் ஒரே கம்பியில் ஒன்றோடொன்று பிணைந்து வருகின்றன. 1982-ல் நம் நாட்டுக்கு வண்ணத் தொலைக்காட்சி வந்தபோது இருந்த பால் முறை அது. நிறச் செய்தி 4.43 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஏறி, பிரகாசத்தின் நுண்விவரங்கள் இருக்கும் இடத்திலேயே உட்கார்ந்துகொள்ளும். இரண்டையும் திரும்பவும் சுத்தமாகப் பிரிக்க முடிவதில்லை. எழுத்தின் ஓரங்களில் வண்ணப் பொறிகள் ஊர்வது அதனால்தான். பிளேஸ்டேஷன் 2 காலத்து விளையாட்டுக்கு அது போதும். எஸ்-வீடியோ இரண்டையும் தனித்தனிக் கம்பியில் அனுப்புவதால் கொஞ்சம் தேவலை.

கணினிக்கு ஒரு வசதி உண்டு

படம் பார்க்கும் கணினியின் கதை வேறு. கன்சோலுக்குத் தெரியாத 1024-க்கு 768 அதற்கு நன்றாகத் தெரியும். 1920-க்கு 1080 புள்ளிகளுள்ள படக் கோப்பைக் கணினியே ஒரே ஒரு முறை சுருக்கி, ப்ரொஜெக்டரின் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு புள்ளி என்று கணக்காக அனுப்பிவிடும். இன்றைய சாதாரணக் கணினியின் சுருக்கல் கணக்கு, அந்த ப்ரொஜெக்டருக்குள் இருக்கும் பழைய சிப்பின் கணக்கைவிட எத்தனையோ மடங்கு நுட்பமானது. சுருக்கல் ஒருமுறைதான், அதுவும் அதை நன்றாகச் செய்யத் தெரிந்த கருவியில் நடக்கவேண்டும். பழைய ப்ரொஜெக்டரில் நல்ல படம் பார்க்க நான் அறிந்த வழிகளில் இதைவிடப் பலன் தருவது வேறில்லை.

இதற்குப் புதுக் கணினி தேவையும் இல்லை. இன்டெல், ஏ.எம்.டி. முதலிய நிறுவனங்கள் சேர்ந்து 2010 டிசம்பரில், 2015-க்குள் வி.ஜி.ஏ.வைக் கைவிடப் போவதாக அறிவித்தன. அதற்கு முன் வந்த அலுவலகக் கணினிகளில் வி.ஜி.ஏ. துளை நேரடியாகவே உண்டு. கன்வெர்ட்டர் செலவும் மிச்சம். அப்படிப்பட்ட ஒன்றில் கோடி மென்பொருளை நிறுவினால் வீட்டுத் திரையரங்கக் கணினி தயார். கோடி பிறந்ததும் ஒரு கன்சோலில்தான். 2002-ல் முதல் எக்ஸ்பாக்ஸுக்காக ஆர்வலர்கள் எழுதிய மீடியா பிளேயர் வளர்ந்து, கணினிகளுக்குப் பரவி, 2014-ல் இந்தப் பெயரைப் பெற்றது. கோப்புகளைத் தேர்ந்தெடுக்கும்போது 4கே பக்கம் போகவேண்டாம். பழைய கணினி அதை விரிக்கத் திணறும். சுவரில் விழும் புள்ளிகளோ அப்போதும் அதே எட்டு லட்சத்துக்குள்தான்.

நான்குக்கு மூன்று என்ற இந்தத் திரை வடிவத்தைக் குறையென்று நினைப்பவர்கள் பழைய தமிழ்ப் படங்களை அதில் போட்டுப் பார்க்க வேண்டும். 1952-ல் வந்த ‘பராசக்தி’ காலத்துப் படங்களின் சட்டம் கிட்டத்தட்ட இதே வடிவம். அகலத் திரை டி.வி.யில் அவற்றின் இரு பக்கமும் கறுப்புப் பட்டை நிற்கும், அல்லது முகங்கள் பக்கவாட்டில் இழுபட்டு உப்பித் தெரியும். இந்த ப்ரொஜெக்டரிலோ ஏறக்குறைய எல்லாப் புள்ளிகளையும் நிரப்பிக்கொண்டு, எடுத்தவர்கள் சட்டமிட்ட அதே வடிவில் சுவரில் எழும். தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமான 1973-ன் ‘ராஜ ராஜ சோழன்’ போன்றவற்றுக்கோ 768 வரிகளில் சுமார் 430-தான் வேலை செய்யும். அப்போதும் நூறு அங்குலத் திரையில் அது சின்னப் படமாகத் தோன்றாது.

இனி, முன்பு விட்டுவைத்த கேள்வி. ஒரு வரியில் எத்தனை புள்ளி என்று வி.ஜி.ஏ. சொல்வதில்லை என்றேன். 1024 புள்ளி வரியில் இடைவெளியையும் சேர்த்தால் 1344 புள்ளிகளுக்கான நேரம் இருக்கிறது. ப்ரொஜெக்டர் ஏறி இறங்கும் மின்னழுத்தத்தைச் சரியாக 1344 முறை, ஒவ்வொரு புள்ளியின் நட்டநடுவில் அளந்து மறுபடி எண்ணாக்க வேண்டும். எண்ணிக்கை ஒன்றிரண்டு பிசகினால் படத்தில் நெடுக்குப் பட்டைகளாக மங்கல் விழும். எண்ணிக்கை சரியாக இருந்தும் அளக்கும் கணம் புள்ளியின் ஓரத்துக்குத் தள்ளிப்போனால் எழுத்துகள் நடுங்கும். ரிமோட்டில் ‘ஆட்டோ’ என்றிருக்கும் பொத்தான் இந்த இரண்டையும் தேடிக் கண்டுபிடிப்பதற்கானது. ஆனால் திரையில் கூரான ஓரங்கள் இருந்தால்தான் அதனால் தேட முடியும். இருண்ட காட்சி ஓடும்போது அழுத்தினால் தப்பான இடத்தில் நின்றுவிடும். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து நிறைந்த ஒரு பக்கத்தை முழுத்திரையில் வைத்துவிட்டு அழுத்துங்கள். பழைய ப்ரொஜெக்டர் மங்கிவிட்டது என்று சொல்லப்படுவதில் ஒரு பங்கு, இந்தப் பொத்தானை யாரும் சரியான நேரத்தில் அழுத்தாததன் விளைவு.

மங்கலுக்கு இன்னொரு காரணம் கன்சோல் அனுப்பும் கறுப்பு. டி.வி. வழக்கப்படி கறுப்பின் எண் 16, வெள்ளையின் எண் 235. கணினி வழக்கப்படி சுழியும் 255-உம். டி.வி. வழக்கத்தில் வந்த 16-ஐக் கன்வெர்ட்டர் அப்படியே மின்னழுத்தமாக்கினால், இருள் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் புகை படர்ந்திருக்கும். பிளேஸ்டேஷன் 4-ன் அமைப்புகளில் ஆர்.ஜி.பி. வீச்சு என்றொரு வரி உண்டு. அதை முழு வீச்சுக்கு மாற்றிப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும்.

பூட்டு, தாமதம், கம்பி

எல்லாம் சரியாக இருந்தும் படம் வராமல் போக இன்னொரு காரணம் உண்டு. எச்.டி.எம்.ஐ. வழியே போகும் படத்தை யாரும் நகலெடுக்கக் கூடாது என்பதற்காக இன்டெல் உருவாக்கிய எச்.டி.சி.பி. என்ற மறையாக்கப் பூட்டு. எதிரே இருக்கும் கருவியிடம் அதற்கான சாவி இல்லையென்றால் திரை கறுப்பாகவே இருக்கும். பழைய டி.வி.ஐ. ப்ரொஜெக்டர்கள் சிலவற்றில் சாவி இல்லை. பிளேஸ்டேஷன் 3-ன் எச்.டி.எம்.ஐ.யில் இந்தப் பூட்டைத் திறக்க வழியே கிடையாது; அதற்குக் காம்போனென்ட் கேபிளே தீர்வு. பிளேஸ்டேஷன் 4-ல் அமைப்புகளுக்குள் போய் அதை நிறுத்திவைக்கலாம். விளையாட்டுகள் ஓடும், திரைப்படச் சேவைகள் ஓடமாட்டா. காசு கொடுத்து வாங்கிய கருவிகளை, காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுக்காக இணைக்கும் ஒருவர் இப்படி ஒரு பூட்டின் முன் நிற்க வேண்டியிருப்பது நியாயமில்லை. நல்ல நிலையிலுள்ள எத்தனையோ கருவிகளைக் காலத்துக்கு முன்பே கழிவாக்கியதில் இதற்குப் பங்கிருக்கிறது.

விளையாட்டுக்குத் தாமதமும் முக்கியம். பழைய ஒளிக்குழாய் டி.வி. சிக்னல் வர வர வரைந்துகொண்டே போகும். ப்ரொஜெக்டரோ ஒரு முழுப் படத்தையாவது நினைவகத்தில் வாங்கி, சுருக்கி, பிறகே காட்டும். நொடிக்கு 60 படம் என்றால் ஒரு படத்துக்கு 16.7 மில்லி நொடி. இரண்டு மூன்று படங்கள் தேங்கினாலே தாளத்துக்கு ஏற்ப அழுத்தும் விளையாட்டுகளில் கை பின்தங்கும். நாம் செய்யக்கூடியது ப்ரொஜெக்டரின் வேலையைக் குறைப்பது. சாய்வுத் திருத்தம் என்ற கீஸ்டோனைச் சுழிக்குக் கொண்டுவந்து, கருவியையே திரைக்கு நேராக வையுங்கள். கீஸ்டோன் ஒவ்வொரு வரியையும் வெவ்வேறு அகலத்துக்குச் சுருக்குகிறது; பாடுபட்டுப் புள்ளிக்குப் புள்ளி பொருத்திய கணினிப் படத்தையும் அது கலைத்துவிடும். தாமதத்தை அளக்க, நொடிக்கு 240 படம் எடுக்கும் செல்போன் கேமரா போதும். பொத்தானை அழுத்தும் விரலும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி எடுத்து, விரல் அழுந்துவதற்கும் திரை அசைவதற்கும் இடையிலான படங்களை எண்ணுங்கள். ஒவ்வொன்றும் சுமார் 4 மில்லி நொடி. கன்சோலும் விளையாட்டும் எடுத்துக்கொள்ளும் நேரமும் அதில் சேர்ந்திருக்கும். அதே சோதனையை டி.வி.யிலும் செய்தால், ப்ரொஜெக்டர் அதைவிட எவ்வளவு பின்தங்குகிறது என்பது தெரிந்துவிடும்.

கூடத்தின் ஒரு கோடியில் கன்சோலும் மறுகோடியில் ப்ரொஜெக்டரும் இருந்தால் கம்பி பத்து மீட்டரைத் தொடும். அந்த நீளத்தில் மலிவான வி.ஜி.ஏ. கம்பி படத்தை மெல்ல மெல்ல இழைத்துவிடும். எழுத்துக்கு வலப்பக்கம் நிழல் விழும். 720 வரிப் படத்தை எச்.டி.எம்.ஐ. நொடிக்கு சுமார் 2.2 கிகாபிட் வேகத்தில்தான் அனுப்புகிறது. தரமான கம்பி இதைப் பத்து மீட்டருக்குத் தாங்கும். ஆகவே நீளத்தை எச்.டி.எம்.ஐ.க்குக் கொடுங்கள், கன்வெர்ட்டரை ப்ரொஜெக்டர் பக்கத்தில் வைத்து, அரை மீட்டர் வி.ஜி.ஏ. கம்பியால் முடியுங்கள். கன்வெர்ட்டருக்குத் தனி மின்சாரம் இங்கே கட்டாயம், நீண்ட கம்பியில் அந்த 5 வோல்ட் மெலிந்துபோகும்.

விளக்கைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. இந்த ப்ரொஜெக்டர்களில் எரிவது உயர் அழுத்தப் பாதரச ஆவி விளக்கு. அணைத்த பிறகும் விசிறி சிறிது நேரம் ஓடி அதைக் குளிர்விக்கும். மின்வெட்டு வந்தால் கொதிக்கும் விளக்கின்மேல் காற்று சட்டென்று நின்றுவிடும், ஆயுள் குறையும். ப்ரொஜெக்டரின் வாட் அளவைத் தாங்கும் யு.பி.எஸ். ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், விசிறி நிற்கும்வரை மின்சாரம் கிடைக்கும். தூசி வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். மாற்று விளக்கின் கண்ணாடியை வெறும் விரலால் தொடாதீர்கள். உடைந்தால் அறையை விட்டு வெளியேறி, சன்னல்களைத் திறந்துவிட்டுக் காற்றோட்டம் வந்தபின் உள்ளே போங்கள்.

ஒலிக்கு ப்ரொஜெக்டரின் உள்ளிருக்கும் சின்ன ஸ்பீக்கரை நம்ப முடியாது. கணினியின் ஒலித் துளையிலிருந்தும், கன்சோல் பக்கம் கன்வெர்ட்டரின் துளையிலிருந்தும் ஒரு ஆம்ப்ளிஃபையருக்குக் கம்பி இழுப்பதே சரி. பிளேஸ்டேஷன் 4-ன் முதல் மாடலில் ஆப்டிகல் ஒலித் துளை உண்டு. மெலிந்த மாடலில் எடுத்துவிட்டார்கள். ப்ரொஜெக்டர் ஒரு பிளக்கிலும் ஆம்ப்ளிஃபையர் அறையின் மறுபக்கம் இன்னொரு பிளக்கிலும் இருந்தால், இரண்டு எர்த் இணைப்புகளுக்கும் இடையிலுள்ள சிறிய மின்னழுத்த வேறுபாடு ஒலியில் ‘ம்ம்ம்’ என்ற இரைச்சலாகவும், வி.ஜி.ஏ. படத்தில் ஓடும் கிடைப்பட்டைகளாகவும் வெளிப்படும். இரண்டுக்கும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியிலிருந்து மின்சாரம் எடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். கடைசியாக, ஒலி நேரே ஆம்ப்ளிஃபையருக்குப் போய்விட, படம் மட்டும் ப்ரொஜெக்டருக்குள் தேங்கி வருவதால் உதடு அசையுமுன் வசனம் கேட்கலாம். கோடியில் படம் ஓடும்போது ஒலி அமைப்புக்குள் போனால் ஒலியைப் பின்னுக்குத் தள்ளும் வசதி இருக்கிறது. 25 மில்லி நொடி, 25 மில்லி நொடியாகக் கூட்டி, யாராவது கைதட்டும் காட்சியில் சத்தமும் கையும் சேரும் இடத்தில் நிறுத்துங்கள்.